சோம்பேறி மலையும் மைதாப் பசையும்

"அப்ப ஓடாதுங்கிறீங்க?" என்று சலூன்காரர் எழுந்து நின்று கேட்டார்.

"ஓடாது," என்றான் மலைத்தம்பி.

"ஒரு அடி கூட?"

"ஓடுற வகை இல்லண்ணே அது. நம்ம மலைக்குள்ள இருக்கிறது ரொம்பக் கெட்டியான பாறைக் குழம்பு. அதனாலதான் நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

அவன் சொல்ல வந்ததைக் கேட்க அதற்கு மேல் ஆள் இல்லை. ஊர் மன்றத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். பின் வரிசையில் யாரோ கை தட்ட, அது முன் வரிசை வரை தொற்றிக்கொண்டு வந்தது. ஊர்த் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஓடாதுன்னு அதிகாரியே தன் வாயால சொல்லிட்டாரு. இதுக்கு மேல நமக்கு என்ன வேணும்? எல்லாரும் போய்க் கடையைத் திறங்க. தம்பிக்கு ஊர் சார்பா நன்றி."

மலைத்தம்பி மைக்கை நோக்கிக் கை நீட்டினான். அவனை அனுப்பியதே இதற்கு நேர்மாறான காரியத்துக்கு. மலையின் மறுபக்கம் இருக்கும் எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் அவன் இளநிலை அதிகாரி. அவன் அக்கா இந்த ஊரில் பேக்கரி வைத்திருந்ததால் ஊருக்கே அவன் தம்பி. பார்ப்பது மலை வேலை என்பதால் மலைத்தம்பி. கொஞ்ச நாளாக மலையின் உச்சி வீங்கிக்கொண்டே வந்தது. "நாளைக்கு மதியத்துக்குள்ள ஊர் காலியாகணும்," என்று டைரக்டர் அம்மா காலையில் சொல்லி அனுப்பியிருந்தார். "பஸ் எல்லாம் அடிவாரத்துல தயாரா நிக்குது. ஆனா ஊர்க்காரங்க கை தூக்கிச் சம்மதிக்காம ஒருத்தரையும் நாம ஏத்த முடியாது. உங்க அக்கா ஊரு, நீயே போய்ப் பேசு. சுருக்கமாப் பேசு."

பேசினான். சுருக்கம் மட்டும் அவனுக்குக் கைவராது. எதையும் அடியிலிருந்து சொல்லாவிட்டால் பொய் சொன்னதுபோல் உறுத்தும். பூமி உருண்டை குளிர்ந்த கதையில் தொடங்கி, கடல்களைக் கடந்து, ஒருவழியாக இந்த மலைக்கு அவன் வந்து சேர்ந்தபோது மன்றத்தில் பாதிப் பேர் தூங்கியிருந்தார்கள். சரியாக 'ஓடாது' என்ற சொல்லுக்குத்தான் விழித்துக்கொண்டார்கள்.

ஊர்க்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்களுக்குத் தெரிந்த எரிமலை எல்லாம் பக்கத்து மலைதான். அது சில வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் வழிவதுபோல் வழியும். ஊரே மடக்கு நாற்காலியும் தின்பண்டமுமாகப் போய்த் தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு வரும். நெருப்புக் குழம்புக்கு முன்னால் அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வந்ததாகச் சலூன்காரர் ஒவ்வொரு தலைக்கும் சொல்லியிருக்கிறார். அந்த மலைக்கு ஓட்டக்காரன் என்று பெயர். தங்கள் தலைக்கு மேல் நின்ற மலை புகை விடுவதைத் தவிர எதுவும் செய்ததாக யாருக்கும் நினைவில்லை. அதற்குச் சோம்பேறி என்று பெயர்.

மலைத்தம்பி வாசலுக்கு ஓடிப்போய்க் கும்பலை மறித்துக்கொண்டான்.

"போகாதீங்க. கெட்டியா இருக்கிறதுதாங்க ஆபத்தே."

"கெட்டியா இருந்தா எப்படித் தம்பி நம்ம வீட்டுக்கு வரும்?" என்றார் சலூன்காரர். அவர் கேட்டதில் நியாயம் இருந்ததாகப் பலர் தலையாட்டினார்கள்.

இந்த இடத்தில் 'வெடிக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவனுக்குத் துல்லியம் முக்கியம்.

"எப்பவும் கெட்டியாவே இருக்கும்னும் சொல்ல முடியாதுங்க. சூடு ஏறினா இளகும். உள்ள தண்ணி கலந்திருந்தா இன்னும் இளகும்."

"இளகினா ஓடும்."

"ஓடலாம், ஆனா..."

"இப்பதான் ஓடாதுன்னீங்க."

"அது வேறண்ணே. நான் முதல்ல இருந்து சொல்றேன்..."

சலூன்காரர் முதலிலிருந்து கேட்கத் தயாராக இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய மொட்டை மாடி மலையைப் பார்த்தபடி இருந்தது. ஓட்டக்காரனைப் பார்க்க வெளியூரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள், அவர்கள் எங்கே உட்காருகிறார்கள், என்ன தின்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மலைத்தம்பி ஜீப்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வருவதற்குள் செய்தி அவனை முந்திவிட்டது. சோம்பேறி கடைசியில் ஓடப்போகிறானாம், அதிகாரியே சொன்னாராம். மேலத் தெரு டீச்சர் வீட்டில் காலையிலேயே பயந்துபோய்க் கட்டிலையும் பீரோவையும் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். ஊரில் அந்த ஒரு குடும்பத்துக்குத்தான் புத்தி இருக்கிறது என்று அவன் நினைத்திருந்தான். இப்போது அவர்களும் கயிற்றை அவிழ்த்து, நாற்காலிகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், ஏன் இறக்கறீங்க?"

"நீங்கதானே தம்பி ஓடும்னு சொன்னீங்களாம். நல்லாத் தெரியுமா இங்க இருந்து?"

அவன் பதில் சொல்வதற்குள் டைரக்டர் அம்மா போனில் வந்தார்.

"என்ன ஆச்சு? பயந்தாங்களா?"

"முதல்ல இருந்த பயமும் போயிடுச்சு மேடம். இப்ப ஊரே சந்தோஷமா இருக்கு."

"உன் ஜீப்புல எச்சரிக்கை போஸ்டர் கட்டு இருக்கு," என்றார் டைரக்டர் அம்மா, ஒவ்வொரு சொல்லாக. "பேசாதே. போஸ்டரை மட்டும் ஒட்டு."

போஸ்டர் இருந்தது. ஒட்டுவதற்குப் பசை இல்லை. பசை காய்ச்ச மாவும் அடுப்பும் இருக்கிற இடம் ஊரில் ஒன்றுதான்.

"ஏன்டா, கொள்ளை போற அவசரத்துல என் மைதாவுல கை வைக்கிறே?" என்றாள் அக்கா. அவள் முழங்கை வரை மாவாக நின்றிருந்தாள்.

"நீ முதல்ல கிளம்புக்கா. நான் பார்த்துக்கிறேன்."

"நாளைக்கு ரொட்டிக்குப் பிசைஞ்சு வச்சிருக்கேன். அதை அப்படியே போட்டுட்டு வரச் சொல்றியா?"

"மலைக்கா."

"நான் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அந்த மலை அங்கதான்டா இருக்கு. உங்க மாமாதான் கப்பல்ல போயிட்டாரே தவிர, அது ஒரு இடத்துக்கும் போகலை."

அம்மா இறந்த பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. அவளை எதிர்த்துப் பேசி ஜெயித்ததாக அவனுக்கு ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை. பேசாமல் அடுப்பைப் பற்ற வைத்தான்.

முதல் பானைப் பசை நீர்த்துப்போனது. மன்றத்துச் சுவரில் ஒட்டிய போஸ்டர் நிதானமாக வழுக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தது. அவன் திரும்பி வந்து, இரண்டாவது பானையில் மாவை அள்ளிப் போட்டான். அது களியாக இறுகி, பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. தீயைக் கூட்டிக் கிண்டினான். அப்போதுதான் கவனித்தான். நீர்த்த பானையில் குமிழிகள் சத்தமில்லாமல் மேலே வந்து உடைந்து போய்க்கொண்டிருந்தன. கெட்டிப் பானையில் குமிழி மேலே வர வழியில்லாமல் பசையே வயிறு உப்பி, உப்பி, கடைசியில் பொளக்கென்று வெடித்தது. ஒரு கட்டி அவன் காதருகே பறந்துபோய்ச் சுவரில் ஒட்டியது.

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காலையிலிருந்து தொண்டை வறளச் சொல்லியும் புரியாதது இரண்டு பானையில் கொதித்துக்கொண்டிருக்கிறதே.

கடைத்தெருவில் ஓடி, கண்ணில் பட்டவர்களையெல்லாம் கூப்பிட்டு வந்தான். சலூன்காரர் வந்தார். டீச்சர் வந்தார். எதிர்க்கடைத் தையல்காரர் கையிலிருந்த சட்டையோடும் ஊசியோடும் வந்தார். வாயைத் திறக்காத மனிதர். காலையில் மன்றத்திலும் முன் வரிசையில் மாட்டிக்கொண்டு கடைசி வரை பித்தான் தைத்தபடி உட்கார்ந்திருந்தவர் அவர்தான். ஊர்த் தலைவர் சலவைச் சட்டையில் வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றார்.

"பாருங்க," என்றான் மலைத்தம்பி. "மாவு கம்மியா இருக்கிற இந்தப் பானை ஓட்டக்காரன். மாவு ஜாஸ்தியா இருக்கிறது நம்ம சோம்பேறி. கல்லு உருகின குழம்புல சிலிக்கான்னு ஒரு சரக்கு இருக்கு. இங்க மாவு செய்யுற வேலையை அங்க அது செய்யுது. ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கிட்டு நகர விடாது. அது ஜாஸ்தியானா குழம்பு இறுகும்."

"சரி," என்றார் தலைவர்.

"சூடு குறைஞ்சா இன்னும் இறுகும். ஆறிக்கிட்டே வரும்போது உள்ள சின்னச் சின்னப் படிகமா உறைய ஆரம்பிச்சா அதுக்கும் மேல இறுகும்." அக்கா தடுப்பதற்குள் ஒரு கிண்ணம் ரவையை எடுத்துக் கொட்டிக் கிண்டினான். "இந்த மாதிரி."

"என் ரவைடா அது," என்றாள் அக்கா.

"இப்ப தண்ணிக்கு வருவோம். ஆழத்துல தண்ணி குழம்போட கலந்தே இருக்கும், அதுவரைக்கும் இளக்கமா வச்சிருக்கும். மேல வர வர அழுத்தம் குறையுமா, தண்ணி ஆவியாப் பிரிஞ்சிடும். குழம்பு இன்னும் கெட்டியாகும். நீர்த்த குழம்பா இருந்தா ஆவி பாட்டுக்கு வெளிய போயிடும். கெட்டிக் குழம்புல மாட்டிக்கிட்ட ஆவி எங்க போகும்?"

"எங்க போகும்? ஒண்ணும் நடக்கலையே," என்று தலைவர் பானைக்கு மேல் குனிந்தார்.

நடந்தது. அக்காவின் மைதாவும் ரவையும் கலந்து அவர் மீசையில் ஒரு கட்டி, சட்டை முழுக்க ஒரு கட்டி, சலூன்காரர் நெற்றியில் ஒரு கட்டி. இன்னொன்று உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

டீச்சர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அந்தத் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"இன்னொரு தடவை பண்ணுங்க தம்பி, எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்துடறேன்," என்றார் டீச்சர்.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. மீசையைத் துடைக்கத் துடைக்க அது இன்னும் இறுகிக்கொண்டு வந்தது. "வேணும்னே பண்ணியிருக்கான்," என்றார். "அந்த பஸ்ஸுங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிடறேன். என் கை இனிமே மேல எழும்பாது."

ஆக, காலையில் பயம் தெளிந்த ஊர், மதியம் சந்தோஷமாகி, சாயங்காலத்துக்குள் திருவிழாக் கூட்டமாகிவிட்டது. கீழத் தெருவிலிருந்தெல்லாம் ஆட்கள் பசை வெடிப்பதைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். அக்கா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அவனை வெளியே தள்ளினாள். போன் மறுபடி அடித்தது.

"வீக்கம் வேகமா ஏறுது," என்றார் டைரக்டர் அம்மா. இந்த முறை அவர் குரலில் கோபமில்லை. "நாளை மதியம் வரைக்கும் தாங்குமான்னே தெரியலை. உங்க அக்காவையாவது கூட்டிட்டு வந்துடுப்பா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். வெயில் இறங்கும் நேரத்தில் சோம்பேறி எப்போதும்போல் ஒரு கோடு புகையோடு சும்மா இருந்தது. கீழே இத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களில் ஒருவர் செத்தாலும் அது தன் வாயால் வந்த சாவு என்று அவனுக்குத் தோன்றியது. பேக்கரி வாசலில் கிடந்த ரொட்டிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றான்.

"ஒரு நிமிஷம் கேளுங்க. உங்க மேல தப்பில்லை. தப்பு என்னோடது. அவசரத்துல அரைகுறையாச் சொல்லிட்டேன். பாதியை விட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"அதனால நாளைக்குப் பொழுது விடிஞ்சதும் நானே வீடு வீடா வர்றேன். ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உட்கார்ந்து, பூமி உண்டானதுல இருந்து நிதானமாச் சொல்றேன். புரியுற வரைக்கும் எழுந்து போக மாட்டேன். ஏன்னா..." அவன் குரல் உடைந்தது. அவ்வளவு பேருக்கு முன்னால் அழுகை வந்துவிட்டது. "ஏன்னா எனக்குப் பயமா இருக்கு. இருக்கிறது ஒரே அக்கா. இந்த ஊர்ல நான் சோறு வாங்கித் தின்னாத வீடு இல்லை. ஒருத்தரை விட்டுட்டும் என்னால போக முடியாது."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேக்கரிக்குள் உத்தரத்துக் கட்டி அப்போதுதான் மனம் துணிந்து கீழே விழுந்தது. அதற்குக்கூட யாரும் சிரிக்கவில்லை.

முதலில் தையல்காரர் கையைத் தூக்கினார்.

"சொல்லுங்கண்ணே, என்ன சந்தேகம்?" என்றான் மலைத்தம்பி, கண்ணைத் துடைத்தபடி.

"சந்தேகம் ஒண்ணும் இல்ல தம்பி. கிளம்பறோம்."

அடுத்து டீச்சர் கை. அவர் வீட்டுக்காரர் கை. சலூன்காரர் கை. தெருவின் அந்தக் கோடி வரை கைகள் எழுந்தன. கடைசியில், இறுகிய மீசையோடு தலைவரும் கையைத் தூக்கினார். அக்கா உள்ளே போய் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மலைத்தம்பிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதன்பிறகு அந்த ஊரில் யாரும் நின்று பேசவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முதல் பஸ் கிளம்பிவிட்டது. கடைசி பஸ்ஸில் அக்காவும் அவனும் ஏறினார்கள். மாவுச் சட்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவள் மடியில் வைத்துக்கொண்டாள். மலைப்பாதை வளைவுகளில் அது பொங்கிப் பொங்கி, பாதி வழியில் அவன் மடிக்கும் வந்துவிட்டது. அதிலும் குமிழி எப்படி மாட்டிக்கொள்கிறது என்று சொல்ல வாயெடுத்தான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

மறுநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் சோம்பேறி வெடித்தது. பஸ்கள் கொண்டுவந்து இறக்கிய கீழூர் விளையாட்டரங்கின் வாசலில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். சத்தம் பிறகுதான் வந்தது. முதலில் மலையின் உச்சி இருந்த இடத்தில் உச்சி இல்லை. சாம்பல் ஒரு சுவராக எழுந்து வானத்தை மூடியது. சாயங்காலம் மீட்புப் படையினர் வந்து சொன்னார்கள்: மேலத் தெருவில் ஜன்னல் மட்டத்துக்குச் சாம்பல், சலூன்காரரின் மொட்டை மாடியும் அதில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளும் இருந்த சுவடே இல்லை, பேக்கரிக்குக் கூரை மட்டும் போயிருக்கிறது. ஆள் ஒருவரும் விடுபடவில்லை. ஊரில் ஒரு பூனையைக்கூடக் காணவில்லை, அதையும் யாரோ கூடையில் கொண்டு வந்திருந்தார்கள்.

சலூன்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து மலைத்தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முறை குலுக்கிவிட்டுப் போனார். தலைவர் வந்து கட்டிக்கொண்டார். அரங்கத்துச் சமையலறையில் அக்கா ரொட்டி சுட ஆரம்பித்தாள். அந்த வாசனை வந்ததும் அழுதுகொண்டிருந்தவர்களும் அழுகையை நிறுத்தினார்கள். உயிரோடிருப்பது எவ்வளவு லேசான காரியம் என்று மலைத்தம்பிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

டைரக்டர் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். ஜீப்பை விட்டு இறங்கியதும் அவன் தோளைத் தட்டினார்.

"போலீஸ் இல்லாம, சண்டை இல்லாம, ஒரு சாயங்காலத்துல ஒரு ஊரையே கிளப்பியிருக்கே. என் சர்வீஸ்ல நான் இப்படிப் பார்த்ததில்லை. இனிமே எந்த மலை வீங்கினாலும் நீதான் போய்ப் பேசப்போறே. அப்படி என்னதான்பா சொன்னே?"

மலைத்தம்பிக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அவனுக்கும் அதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள ஆசை. பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்களிடம் திரும்பினான்.

"நீங்களே சொல்லுங்க, எந்த இடத்துல உங்களுக்குப் புரிஞ்சுது? மாவு ஜாஸ்தியானா இறுகும்னேனே, அங்கயா? இல்ல, ஆவி மாட்டிக்கிட்டா வெடிக்கும்னு பானையில காட்டினேனே, அங்கயா?"

சலூன்காரர் ரொட்டியைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார். அக்கா அவசரமாகச் சமையலறைக்குள் போனாள். தையல்காரர் மட்டும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அதெல்லாம் எங்களுக்கு இப்பவும் புரியலை தம்பி. விடிஞ்சா வீடு வீடா வந்து முதல்ல இருந்து சொல்லப்போறேன்னீங்க இல்ல, அதுக்குப் பயந்துதான் ஊரே கிளம்பிச்சு."